உப்பளத்தைப் படமெடுக்கப் பணம்: சுயாதீனத் திரைப்படங்களும் நிதிப் பொறுப்பேற்பும்

தனித்து இயங்கும் ஒரு திரைப்பட இயக்குநருக்கு உதவ விரும்பும் அறநிதி நிறுவனம், பணத்தை அவர் கையில் கொடுக்காமல் வரிவிலக்குப் பெற்ற ஒரு பொதுநல அமைப்பிடம் கொடுக்கிறது. அந்த அமைப்பு பணத்தைத் தன் கணக்கில் வரவு வைக்கிறது, படவேலை நடக்க நடக்க விடுவிக்கிறது, செலவுச் சீட்டுகளைச் சரிபார்க்கிறது, கொடுத்தவருக்குக் கணக்கு ஒப்படைக்கிறது. ஃபிஸ்கல் ஸ்பான்சர்ஷிப் என்று அமெரிக்காவில் வழங்கும் இந்த ஏற்பாட்டைத் தமிழில் நிதிப் பொறுப்பேற்பு எனலாம். பொறுப்பேற்கும் அமைப்பு படத்துக்குக் கடன் கொடுப்பதில்லை. தன் பணத்தையும் போடுவதில்லை. தன் பெயரையும் பதிவையும் கணக்காளரையும் இயக்குநருக்குப் பின்னால் நிறுத்துகிறது. அதற்குக் கூலியாக, வந்து சேரும் பணத்தில் பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதம் வரை எடுத்துக்கொள்கிறது. 10 லட்சம் ரூபாய் திரட்டும் படத்துக்கு 7 சதவீதம் என்றால் 70,000 ரூபாய் அமைப்புக்கு. மீதி 9,30,000 படத்துக்கு.

அமெரிக்காவில் இந்த முறை வேரூன்றியதற்கு அந்நாட்டு வரிச்சட்டமே காரணம். 501(சி)(3) என்ற பிரிவில் பதிவுபெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் கொடுப்பவருக்கு வரிக்கழிவு கிடைக்கும். பெரிய அறநிதிகள் பலவும் அத்தகைய அமைப்புகளுக்கு மட்டுமே கொடுப்பதைத் தங்கள் விதியாக வைத்திருக்கின்றன. ஒரே ஒரு படம் எடுப்பதற்காக ஓர் அமைப்பைப் பதிவு செய்து, ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்து, படம் முடிந்ததும் கலைப்பது யாருக்கும் கட்டுபடியாகாது. பதிவுபெற்ற அமைப்பு, பதிவு இல்லாதவரின் பணிக்குப் பணம் வழங்கலாமா என்ற கேள்விக்கு அந்நாட்டு வருமான வரித்துறை 1968இல் விடை சொன்னது. வழங்கலாம், ஆனால் பணத்தின் மீதான கட்டுப்பாடும் முடிவெடுக்கும் உரிமையும் அமைப்பின் கையிலேயே இருக்க வேண்டும், அந்தப் பணி அமைப்பின் பொதுநல நோக்கத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்மானம். வெறும் குழாயாக இருந்து பணத்தைக் கடத்திவிடும் அமைப்புக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

வழக்கறிஞர் கிரெகரி கால்வின் 1993இல் எழுதிய நூல் இந்த ஏற்பாட்டின் ஆறு வடிவங்களை வகுத்துக் காட்டியது. திரைப்படத்துறைக்கு அவற்றில் இரண்டு முக்கியம். முதல் வடிவத்தில் படம் அமைப்பின் சொந்தத் திட்டமாகிவிடுகிறது. இயக்குநர் அதன் ஊழியரைப் போலப் பணிபுரிகிறார். இன்னொரு வடிவத்தில் படம் இயக்குநருடையதாகவே இருக்கிறது; அமைப்பு அதைப் பரிசீலித்து ஏற்று, தன்னிடம் வந்த பணத்தை அவருக்கு மானியமாக வழங்குகிறது. சுயாதீனப் படக்காரர்கள் நாடுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதைத்தான். 1972இல் நியூயார்க்கில் தொடங்கிய விமன் மேக் மூவீஸ், 1982இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய சர்வதேச ஆவணப்பட சங்கம் போன்றவை இந்தப் பணியைத் தொடர்ந்து செய்துவருகின்றன. இவ்விரண்டு வடிவங்களுக்கும் இடையிலான வேறுபாடு அமெரிக்காவில் வசதி சார்ந்த தேர்வு. இந்தியாவுக்கு வரும்போது அதுவே படம் யாருக்குச் சொந்தம் என்பதைத் தீர்மானிக்கும் கேள்வியாகிவிடுகிறது.

இந்தக் கேள்வியை ஓர் இடத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும். மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பேரூராட்சி. ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே இறங்கி வரும் பக்கிங்காம் கால்வாய் இங்குள்ள கழிமுகத்தில்தான் முடிகிறது. அருகில் உள்ள கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சாலையில் போகிறவர்களின் கண்ணுக்கு வெள்ளைக் குவியல்களாகத் தெரியும் உப்பளங்களில் ஒரு முழுப் பருவத்தைப் படமாக்க ஒருவர் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

பருவம் தை மாதம் தொடங்குகிறது. மழைநீரில் ஊறிக் குலைந்த பாத்திகளைச் செப்பனிட்டு, வரப்பு கட்டி, களிமண் தரையைக் காலால் மிதித்து இறுக்கும் வேலை முதலில். அப்புறம் உவர்நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி பாய்ச்சி வெயிலில் சுண்டவைக்க வேண்டும். நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவில் 3 பாகையில் இருக்கும் கடல்நீர் 25 பாகையை எட்டும்போதுதான் உப்பு படியத் தொடங்கும்; 29, 30ஐத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பேறிவிடும். இந்தச் சிறிய இடைவெளிக்குள் நீண்ட கைப்பிடி கொண்ட மரப்பலகையால் உப்பை வாரிக் கரையேற்ற வேண்டும். வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டிய வேலை என்பதால் விடியுமுன்பே ஆட்கள் பாத்தியில் இறங்கிவிடுவார்கள். சித்திரை, வைகாசியில் விளைச்சல் உச்சம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் வேலை நின்றுபோகும். வேலையில்லாத அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது.

இப்படி ஒரு படத்துக்குப் பணம் எவ்வளவு வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதே முக்கியம். ஜனவரியில் கையில் பணம் இல்லாவிட்டால் பாத்தி மிதிக்கும் காட்சி அந்த ஆண்டு கிடையாது. அடுத்த தை வரை காத்திருக்க வேண்டியதுதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோதும், 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் உயிர்களைக் குடித்தபோதும் மரக்காணத்துக்கு நிறைய கேமராக்கள் வந்தன. செய்தி நிறுவனத்தின் பணம் ஒரு நாளுக்கானது. ஒன்பது மாதம் ஒரே பாத்தியருகே நிற்கும் கேமராவுக்கு வேறு வகைப் பணம் வேண்டும். பொறுத்திருக்கும் பணம், இடையில் மழை வந்தாலும் திரும்பிப் போகாத பணம்.

அந்தப் பணத்தை இயக்குநர் தன் சொந்த வங்கிக் கணக்கில் திரட்டினால் என்ன ஆகும்? இந்திய வருமான வரிச்சட்டப்படி, உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் பெறும் அன்பளிப்புத் தொகை மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால் அந்த முழுத்தொகையும் வருமானமாகக் கணக்கிடப்படும். தாண்டிய பகுதி மட்டுமல்ல. நண்பர்களும் முகம் தெரியாத ஆதரவாளர்களுமாகச் சேர்ந்து 6 லட்சம் கொடுத்தால், ஒரு சட்டகம்கூட எடுக்குமுன் அந்த 6 லட்சத்துக்கும் அவர் வரிக்கணக்குச் சொல்ல வேண்டியிருக்கும். தொழில் வரவாகக் காட்டிப் படச்செலவைக் கழிக்கலாம். அதற்கு ஒழுங்கான கணக்குப் புத்தகமும் கணக்காளரும் தேவை. செலவு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனால் அந்தக் கழிவும் சிக்கலாகும். கொடுத்தவர்களுக்கோ எந்தக் கழிவும் இல்லை. மக்களிடம் பணம் திரட்டும் படக்காரர்கள் தொடக்கத்தில் கவனிக்கத் தவறுவது இதைத்தான்.

இந்தியாவில் மக்கள் பணத்தில் படம் எடுத்த மரபு நீண்டது. 1976இல் ஷியாம் பெனகல் இயக்கிய மந்தனுக்கு, குஜராத் கூட்டுறவுப் பால் விற்பனைக் கூட்டமைப்பைச் சேர்ந்த 5 லட்சம் விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். 10 லட்சம் சேர்ந்தது. இதை இந்தியாவின் முதல் கூட்டுநிதிப் படம் என்று கொண்டாடுவது வழக்கம். அதைவிடக் கவனிக்க வேண்டியது, 2 ரூபாயை வசூலிக்கவும் கணக்கு வைக்கவும் ஏற்கனவே ஓர் அமைப்பு ஊர் ஊராக இருந்தது என்பது. காலையும் மாலையும் பாலுக்குப் பணம் பட்டுவாடா செய்த அதே கூட்டுறவுச் சங்கம் படத்துக்கும் பணப்பெட்டியாக நின்றது. பெனகல் ஐந்து லட்சம் பேரிடம் போய் நிற்க வேண்டியிருக்கவில்லை.

ஜான் ஆபிரகாமின் வழி இதற்கு நேர் எதிர். தமிழில் அக்ரகாரத்தில் கழுதை எடுத்து 1977ஆம் ஆண்டின் சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருது பெற்ற அவர், 1984இல் கேரளத்தில் நண்பர்களுடன் ஒடேசா என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார். சாப்ளினின் தி கிட் போன்ற படங்களை ஊர் ஊராகத் திரையிட்டு, பறையடித்து, மக்களிடம் சில்லறையாகப் பணம் திரட்டினார்கள். 1986இல் அம்மா அறியான் வந்தது. முடிந்த படத்தையும் வணிகத் திரையரங்கைத் தவிர்த்து மக்களிடமே கொண்டு சென்றார்கள். மறு ஆண்டு மே மாதம் ஜான் இறந்துபோனார். ஒடேசாவின் துணிவை இன்று நினைக்கும் எவருக்கும் நெஞ்சு விரியும். ஆனால் அதே வேலையை இன்று ஒரு பதிவுபெற்ற அறக்கட்டளை மரக்காணம் சந்தைத்தெருவில் உண்டியல் குலுக்கிச் செய்தால், கொடுத்தவர்களின் பெயரும் முகவரியும் இல்லாத பணம் ‘பெயரற்ற நன்கொடை’யாகும். மொத்த நன்கொடையில் 5 சதவீதம் அல்லது 1 லட்சம் ரூபாய், இரண்டில் எது பெரிதோ அதைத் தாண்டும் தொகைக்கு 30 சதவீத வரி உண்டு. ஒரு ரூபாய் கொடுத்தவருக்கும் ரசீது எழுதும் பொறுமை இருந்தால் இந்த வரி இல்லை. உண்டியலைவிட ரசீதுப் புத்தகம்தான் இன்றைய ஒடேசாவுக்குத் தேவை.

தமிழில் அண்மைக்காலத்திலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. லீனா மணிமேகலையின் மாடத்தி கூட்டுநிதியில் உருவாகி 2019இல் பூசான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. இவை ஒவ்வொன்றும் ஒருவரின் தனி முயற்சியாகவே நின்றன. அடுத்து வரும் இயக்குநர் கையை ஊன்றிக்கொள்ள ஒரு நிலையான அமைப்பு அவற்றிலிருந்து எழவில்லை.

நிலையான அமைப்பு என்ற வகையில் இந்தியாவில் நிதிப் பொறுப்பேற்புக்கு மிக அருகில் வந்தது பொதுச்சேவை ஒளிபரப்பு அறக்கட்டளை எனலாம். பி.எஸ்.பி.டி. என்ற சுருக்கப் பெயரில் அறியப்படும் இது 2000இல் டெல்லியில் தொடங்கியது. பிரசார் பாரதியின் கூட்டும் ஃபோர்டு அறநிதியின் உதவியும் அதற்கு இருந்தன. கொடுப்பவரிடமிருந்து பணத்தை அறக்கட்டளை பெற்று, நாடெங்கும் உள்ள சுயாதீன இயக்குநர்களுக்குப் படங்களை ஒப்படைத்தது. நூற்றுக்கணக்கான ஆவணப்படங்கள் அப்படி உருவாகித் தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயின. ஆனால் இது பணி ஒப்படைப்பு. கருவைத் தேர்ந்தெடுப்பது, நீளத்தை வரையறுப்பது, ஒளிபரப்பு யாருக்கு என்று தீர்மானிப்பது எல்லாம் அமைப்பின் பொறுப்பு. இயக்குநர் தானே ஒரு கொடையாளரைக் கண்டுபிடித்து வந்து, கணக்கை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்க அதில் இடமில்லை. 1993இல் பெங்களூரில் தொடங்கி 1995 முதல் மானியம் வழங்கிவரும் கலைகளுக்கான இந்திய அறநிதியும் (ஐ.எஃப்.ஏ.) கலைஞருக்கு நேரடியாகக் கொடுக்கும் அமைப்பே. பிறர் பணத்துக்கு இடைநிலையாக நிற்பது அதன் முதன்மை வேலை அன்று.

இடைநிலையாக நிற்பதையே கடினமாக்கியது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். 1976இல் முதலில் வந்து 2010இல் புதிதாக இயற்றப்பட்ட இந்தச் சட்டம் எஃப்.சி.ஆர்.ஏ. என்றே எல்லோர் வாயிலும் புழங்குகிறது. பதிவுபெற்ற ஓர் அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தில் ஒரு பகுதியை, பதிவுபெற்ற வேறோர் அமைப்புக்கு மாற்றித்தர 2020 வரை வழி இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த திருத்தம் 7ஆம் பிரிவை மாற்றி, வேறு எவருக்கும் மாற்றித்தருவதை முற்றிலும் தடுத்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. வெளிநாட்டுப் பணம் எல்லாம் முதலில் ஸ்டேட் பாங்கின் புதுடெல்லி முதன்மைக் கிளையில்தான் வந்து இறங்க வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் நோயல் ஹார்ப்பர் வழக்கில் இத்திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

கால்வினின் இரண்டாவது வடிவம், அதாவது அமைப்பு வெளிநாட்டுப் பணத்தைப் பெற்று இயக்குநருக்கு மானியமாக வழங்குவது, இந்தத் திருத்தத்தோடு இந்தியாவில் முடிந்தது. எஞ்சியிருப்பது முதல் வடிவம்: அறக்கட்டளை படத்தைத் தன் சொந்தத் திட்டமாகவே நடத்தி, இயக்குநருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் செய்த வேலைக்கு ஊதியம் கொடுப்பது. இது மாற்றித்தருவது ஆகாது, செலவு. இங்கேதான் இன்னொரு சட்டம் குறுக்கே வருகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் திரைப்படத்தின் ஆசிரியராகக் கருதுவது இயக்குநரை அல்ல, தயாரிப்பாளரை; படத்தை உருவாக்கும் முன்முயற்சியும் பொறுப்பும் ஏற்றவரே தயாரிப்பாளர் என்கிறது. அறக்கட்டளை படத்தைத் தன் திட்டமாக நடத்தினால் அந்த முன்முயற்சியும் பொறுப்பும் அதனுடையவை என்று வாதிட எல்லா ஆவணங்களும் அதன் பெயரில் இருக்கும். பணம் பற்றிய சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து நடக்க நடக்க, படம் இயக்குநரின் கையிலிருந்து நழுவுகிறது. வெளியான பின் 60 ஆண்டுகளுக்கு நிற்கும் உரிமை இது. எழுத்தில் உரிமை மாற்றம் செய்துகொண்டால் தவிர இதற்கு மருந்தில்லை. நிதிப் பொறுப்பேற்பை இந்தியச் சூழலில் ஆராயும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரு சட்டங்களும் சந்திக்கும் இடத்தைத்தான். பணம் பெறும் வடிவமே உரிமையின் வடிவத்தையும் முடிவு செய்துவிடுகிறது.

எஃப்.சி.ஆர்.ஏ.வின் 3ஆம் பிரிவோ செய்தியோ நடப்பு விவகார நிகழ்ச்சியோ தயாரிக்கும் அமைப்புகளும் நிறுவனங்களும் வெளிநாட்டு நன்கொடை பெறுவதையே தடுக்கிறது. உப்பளத் தொழிலாளரின் கூலியைப் பற்றிப் பேசும் ஆவணப்படம் கலைப்படைப்பா, நடப்பு விவகாரமா? எல்லைக்கோடு தெளிவாக இல்லாத இடத்தில், பதிவு ரத்தாகிவிடுமோ என்ற அச்சத்தில் பல அறக்கட்டளைகள் படம் என்ற சொல்லைக் கேட்டதுமே கையை விரிக்கின்றன. பள்ளியும் மருத்துவமுகாமும் நடத்தும் ஓர் அமைப்பு ஒரு படத்துக்காகத் தன் முழுப்பதிவையும் பணயம் வைக்கத் தயங்குவதில் குறைசொல்ல ஏதுமில்லை.

அயல்நாட்டுத் தமிழர்களின் பணம் பற்றியும் ஒரு தெளிவு தேவை. துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலைபார்க்கும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரது அண்ணன் கனடாவின் குடியுரிமை பெற்றிருந்தால், வெளிநாட்டு இந்தியக் குடிமகனுக்கான ஓ.சி.ஐ. அட்டை கையில் இருந்தாலும், அவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைதான். திண்டிவனத்தில் ஒரே வீட்டில் பிறந்த இருவர் அதே படத்துக்கு அனுப்பும் பணம் இரு வேறு சட்ட வகைகளில் விழுகிறது. பணம் எங்கிருந்து வருகிறது என்பதோடு, அனுப்புபவரின் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பதையும் ரசீது எழுதுமுன் கேட்டாக வேண்டும்.

நன்கொடை என்ற வாசல் இவ்வளவு குறுகியிருப்பதால், உலக அரங்குக்குப் போகும் இந்திய சுயாதீனப் படங்கள் வணிகம் என்ற வாசல் வழியே போகின்றன. வழக்கமான தொழிலில் பொருளுக்கோ சேவைக்கோ விலையாகப் பெறும் வெளிநாட்டுப் பணம் எஃப்.சி.ஆர்.ஏ.வின் கீழ் நன்கொடை அன்று. கோயம்புத்தூரில் நடக்கும் கதையைக் கொண்ட அருண் கார்த்திக்கின் நசீர் நல்ல உதாரணம். திலீப்குமாரின் சிறுகதையை அடிப்படையாகக் கொண்ட இந்தப் படம் 2020இல் ராட்டர்டாம் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்று நெட்பாக் விருது பெற்றது. அந்த விழாவின் நிறுவனர் பெயரால் 1988இல் ஏற்பட்ட ஹூபர்ட் பால்ஸ் நிதியின் உதவி படத்துக்குக் கிடைத்தது. சென்னையின் ஸ்ட்ரே ஃபேக்டரியும் நெதர்லாந்தின் ரிங்கல் ஃபிலிமும் கூட்டுத் தயாரிப்பாளர்கள். கூட்டுத் தயாரிப்பு என்றால் அயல்நாட்டுப் பங்காளி தன் நாட்டு நிதியைத் தன் பெயரில் பெற்று, அதன் கணக்கைத் தன் நாட்டிலேயே ஒப்படைக்கிறார். அமெரிக்காவில் பொறுப்பேற்கும் அமைப்பு செய்வதைப் பெருமளவு அவரே செய்துவிடுகிறார். பதிலுக்குப் படத்தின் உரிமையில் அவருக்குப் பங்குண்டு.

உப்பளத்தைப் பற்றிய படத்துக்கே இந்த வழியில் ஒரு முன்னோடி இருக்கிறது. குஜராத்தின் சிறிய ரண் பாலைநிலத்தில் ஓர் உப்புக் குடும்பத்தோடு ஒரு பருவம் முழுக்கத் தங்கி ஃபரீதா பாச்சா எடுத்த மை நேம் இஸ் சால்ட், சுவிட்சர்லாந்து, இந்தியக் கூட்டில் உருவானது. 2013இல் ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவில் முதல் படத்துக்கான பரிசை வென்றது. உப்பு விளையும் வேகத்துக்குக் கேமராவும் பொறுத்திருக்க முடிந்தது என்பதே அந்தப் படத்தின் வலிமை. மரக்காணத்துக்கும் அது முடியும்; ஆனால் ஐரோப்பியப் பங்காளியைக் கண்டடைய திரைப்படச் சந்தைகளில் ஏறி இறங்க வேண்டும், ஆங்கிலத்தில் திட்ட அறிக்கை எழுத வேண்டும், ஓரிரு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். விழுப்புரத்திலிருந்து கிளம்பும் முதல் படக்காரருக்கு இது எட்டாத உயரம்.

அவருக்கு எட்டும் வழி உள்நாட்டுப் பணம். 2020 திருத்தத்தின் தடை வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டும்தான். உள்நாட்டு நன்கொடையை ஓர் அறக்கட்டளை பெற்று, தன் நோக்கத்துக்கு உட்பட்ட ஒரு படத்துக்கு மானியமாக வழங்கலாம். படம் இயக்குநருடையதாகவே இருக்கலாம். கால்வினின் இரண்டாவது வடிவம் இந்த மண்ணில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரே இடம் இது. இதைப் பயன்படுத்த முன்வரும் அமைப்புகள் மிகக் குறைவாக இருப்பது பெருங்குறை; சட்டம் போட்ட பூட்டைவிடப் பழக்கம் போட்ட பூட்டு இங்கே பெரிது.

முன்வரும் அறக்கட்டளை கவனிக்க வேண்டியவை சில உண்டு. அதன் ஆவணத்தில் கலை, கல்வி, தொழிலாளர் நலன் போன்ற நோக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும். படத்துக்கு மானியம் வழங்குவது அந்த நோக்கத்தின்கீழ் வர வேண்டும். வருமான வரித்துறையில் வரிவிலக்குக்கான 12ஏபி பதிவும், கொடுப்பவருக்குக் கழிவு வேண்டுமென்றால் 80ஜி ஒப்புதலும் தேவை. 2026 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய வருமான வரிச்சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் கணக்காளர் அலுவலகங்களில் பழைய பெயர்களே நிற்கின்றன. 80ஜி கழிவு பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவர்களுக்கும் இல்லை. மாதச்சம்பளக்காரர்களில் பலர் புதிய வரிமுறைக்குப் போய்விட்ட நிலையில், வரிக்கழிவைக் காட்டி நன்கொடை கேட்பது முன்போலப் பலிக்காது. படத்தின் தகுதியைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இன்னொரு ஊற்று. 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் சுற்றுச்சூழலும் கலை பண்பாடும் அதற்கான பட்டியலில் உள்ளன. வெளியார் மூலம் செய்வதானால் அதற்கெனப் பதிவு செய்த அமைப்புகளுக்கே அது போகும். தனி இயக்குநரின் கணக்குக்குப் போகாது. பொறுப்பேற்கும் அமைப்பு இல்லாமல் இந்தப் பணத்தைத் தொடவே முடியாது.

பருவம் சார்ந்த படத்துக்கு ஒரு தனிச்சிக்கல் இருக்கிறது. அறக்கட்டளை ஓராண்டு வருவாயில் 85 சதவீதத்தை அந்த நிதியாண்டுக்குள் செலவிட வேண்டும். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. மரக்காணத்தில் அப்போதுதான் உப்பு விளையத் தொடங்கியிருக்கும். பிப்ரவரியில் வந்த பெருந்தொகையை ஆறு வாரத்தில் செலவு காட்ட முடியாது. குறிப்பிட்ட நோக்கத்துக்காக ஐந்தாண்டு வரை சேர்த்துவைக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கான படிவத்தை உரிய நாளுக்குள், படத்தின் பெயரும் காலமும் குறித்துத் தாக்கல் செய்ய வேண்டும். இதை மறந்த அமைப்பு வரி கட்டும். அதன் சுமை கடைசியில் படத்தின் தலையில் விழும்.

இயக்குநரோ அவரது நெருங்கிய உறவினரோ அந்த அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கக்கூடாது என்பதையும் நடைமுறையாகக் கொள்வது நல்லது. அறங்காவலருக்குத் தன் சொத்தின் பயன் போய்ச்சேரும்படி நடக்கும் அறக்கட்டளை வரிவிலக்கை இழக்கும். படம் பின்னால் இணையத் திரைத்தளத்துக்கு விற்று வருமானம் வந்தால் அது யார் கணக்கில் சேரும் என்பதும் முதலிலேயே எழுதப்பட வேண்டும். பொதுப்பயன் என்ற பொதுவான நோக்கத்தில் இயங்கும் அமைப்புக்கு வணிக வருவாய் மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் விலக்கே ஆட்டம்காணும். உரிமை இயக்குநரிடம் இருந்தால் அந்த அபாயம் அமைப்புக்கு இல்லை. மானியத்தில் உருவான படம் இலவசமாகத் திரையிடப்பட வேண்டிய இடங்களை மட்டும் அமைப்பு நிபந்தனையாக வைக்கலாம். மரக்காணத்திலும் அக்கம்பக்கத்துக் குப்பங்களிலும் முதல் திரையிடல் நடக்க வேண்டும் என்பது அப்படி எழுதத்தக்க நிபந்தனை.

ஒப்பந்தத்தின் மற்றப் பகுதிகள் எளியவை. பணம் எத்தனை தவணை, எந்தக் கட்டத்தில் எவ்வளவு. பாத்தி செப்பனிடும் காலத்துக்கு முந்திய தவணை டிசம்பர் முடிவுக்குள் வந்துவிட வேண்டும். படத்தொகுப்பில் அமைப்பு தலையிடாது என்ற உறுதி. கழுவெளி சரணாலயத்துக்குள் படம்பிடிக்க வனத்துறை அனுமதியும், குத்தகை உப்பளங்களில் நுழைய உரியவர் ஒப்புதலும் யார் பெயரில் வாங்கப்படும் என்பது. அமைப்பின் கடிதத்தாள் இங்கே தனி இயக்குநரின் வேண்டுகோளைவிட விரைவில் கதவைத் திறக்கும். கேமரா முன் நிற்கும் தொழிலாளி அதனால் அரைநாள் கூலியை இழந்தால், அந்தக் கூலியைப் படச்செலவாக எழுத இடம் வேண்டும். கைரேகையோ கையெழுத்தோ வைத்த சீட்டே அதற்குப் போதிய செலவுச் சான்று என்று தணிக்கையாளரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கணினி ரசீது இல்லாத செலவெல்லாம் ஐயத்துக்குரியது என்று நினைக்கும் தணிக்கையாளர், அந்த வரியைத்தான் முதலில் அடிப்பார்.

கடைசியாக, புயலுக்கும் மழைக்கும் ஒரு விதி. பருவம் பாதியில் கெட்டால் அடுத்த தை வரை ஒப்பந்தம் தானாக நீளும் என்றும், இயக்குநர் விரும்பினால் மீதிப் பணத்தோடு அதே தகுதியுள்ள வேறோர் அறக்கட்டளைக்கு மாறிக்கொள்ளலாம் என்றும், எடுத்த காட்சிகள் எந்நிலையிலும் அவரிடமே இருக்கும் என்றும் எழுத வேண்டும். அந்த விதி இல்லாத ஒப்பந்தத்தில், செலவாகாமல் நின்ற பணம் நிதியாண்டு முடிவில் அறக்கட்டளையின் பொது நிதியில் கலந்துவிடும். அதைத் திரும்பக் கேட்க இயக்குநருக்கு எந்தப் பிடியும் இருக்காது.